நாய்க்குட்டிக்கான அவசரப் பெட்டி: கொழும்பில் கிடைப்பவற்றில் எதை வாங்கலாம், எதை விடலாம்

குட்டிக்குச் சுகமில்லாமல் போனால் கையில் இருக்கட்டும் என்று வெள்ளவத்தை பார்மசிகளிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் இணையத்திலும் பலர் பலதையும் வாங்கி வைக்கிறார்கள். அந்தப் பொருட்களை இங்கே ஒரேயொரு கேள்வியை வைத்து எடைபோடுகிறோம். "இந்தக் குட்டியை இப்பவே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா?" என்பதுதான் அந்தக் கேள்வி. இதற்கு விரைவாகவும் சரியாகவும் விடை சொல்லும் பொருள் நல்ல பொருள். விடை சொல்லாமல் நம்மை வீட்டிலேயே உட்காரவைக்கும் பொருள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கெட்ட பொருள்.

குட்டிகளின் விஷயத்தில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்த நாய் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். எட்டு வாரக் குட்டியின் ஈரலில் சேமிப்புச் சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கும், உடம்பில் கொழுப்பும் குறைவு. சத்தியும் கழிச்சலும் சேர்ந்தால் நீர் வேகமாக இறங்கும். காலையில் சோர்ந்து படுத்த குட்டி இரவுக்குள் கண் செருகிக் கிடப்பது இதனால்தான்.

டிஜிட்டல் தேர்மாமீட்டர்: முதலில் வாங்க வேண்டியது

எந்தப் பார்மசியிலும் கிடைக்கும் மனிதருக்கான சாதாரண டிஜிட்டல் தேர்மாமீட்டரே போதும். நாய்க்கென்று தனியாக விற்கும் விலை கூடிய ஒன்று தேவையில்லை. வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். நுனி வளையக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் குட்டி திமிறும்போது விறைத்த நுனி மலக்குடலைக் காயப்படுத்தும். பத்து இருபது வினாடிக்குள் பீப் சத்தம் தர வேண்டும், ஒரு நிமிடம் வரை எந்தக் குட்டியும் அசையாமல் நிற்காது. நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வகை நாய்க்கு உதவாது, ரோமம் குறுக்கே நிற்கும். பாதரசக் கண்ணாடிக்குழாய் வீட்டில் மிச்சமிருந்தால் அதைக் குட்டியிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. பல தேர்மாமீட்டர்களில் காய்ச்சல் எச்சரிக்கை மனிதருக்குப் பொருத்தி வைக்கப்பட்டிருக்கும். 37.5ஐயோ 38ஐயோ தாண்டியதும் திரை சிவக்கும் அல்லது வேகமாகப் பீப் அடிக்கும். நாயின் சாதாரண வெப்பமே 38.3 முதல் 39.2 பாகை வரை. ஆகவே சுகமான குட்டிக்கும் திரை சிவக்கும். நிறத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள்.

பார்க்கும் முறை இதுதான். ஒருவர் குட்டியின் நெஞ்சுக்குக் கீழே கைகொடுத்து, தன் உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் நுனியில் வாசலீனோ தேங்காயெண்ணெயோ தடவி, வாலைத் தூக்கி, ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே விட வேண்டும். நுனி குடற்சுவரைத் தொடும்படி கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள். மலத்துக்குள் குத்தி நின்றால் எண் குறைவாகக் காட்டும். வெயிலில் ஓடி வந்த குட்டி, பயந்து மூச்சு வாங்கும் குட்டி என்றால் பதினைந்து நிமிடம் விசிறிக்குக் கீழே விட்டு மறுபடி பாருங்கள். பார்த்து முடித்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, பிடியில் ஒரு பிளாஸ்டர் ஒட்டி "நாய்" என்று எழுதிவிடுங்கள். இந்த எழுத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக.

எண்ணுக்கு என்ன பொருள்? 39.5க்கு மேல் இருந்து குட்டியும் சோர்ந்திருந்தால் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். 40ஐத் தொட்டால் அன்றைக்கே போக வேண்டும். 41 என்றால் அவசரம். கொழும்பில் சித்திரை மாதப் புழுக்கத்தில் மூடிய காருக்குள்ளோ வெயில் விழும் பல்கனியிலோ கிடந்த குட்டிகளில், அதுவும் பக், புல்டோக் போன்ற சப்பை மூக்குக் குட்டிகளில், இந்த எண் வரும். குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி, விசிறியைப் போட்டு, 39.5க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். அதற்கும் கீழே குளிர்வித்தால் வெப்பம் தானாகவே தொடர்ந்து விழுந்துபோகும்.

தேர்மாமீட்டரின் உண்மையான மதிப்பு கீழ்ப்பக்கத்து எண்களில் இருக்கிறது. நேற்று 40 காட்டிய குட்டி இன்று 37.3 காட்டினால் வீட்டில் எல்லோரும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று மகிழ்வார்கள். சத்தியும் கழிச்சலும் உள்ள குட்டியில் இது பெரும்பாலும் கெட்ட செய்தி. இரத்த ஓட்டம் சுருங்கி உடம்பு குளிரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நான்கு வாரத்தைத் தாண்டிய நோயுற்ற குட்டி 37.5க்குக் கீழே போனால், காய்ச்சல் 41 போன குட்டியைப் போலவே நினைத்து ஓடுங்கள். உடம்பு மிகவும் குளிர்ந்துபோனால் திரையில் எண்ணே வராது. பெரும்பாலான மனிதத் தேர்மாமீட்டர்கள் 32 பாகைக்குக் கீழே எண் காட்டாமல் "குறைவு" என்ற பொருளில் ஓர் எழுத்தை மட்டும் காட்டும். அதைப் பார்த்து பற்றரி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

பிறந்த குட்டிகளுக்குக் கணக்கு வேறு. முதல் வாரத்தில் 35 முதல் 37 வரை சாதாரணம். நான்காம் வாரமளவில்தான் பெரிய நாயின் வெப்பத்துக்கு வரும். 34.5க்குக் கீழே குளிர்ந்த சின்னக் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. குடல் வேலை நிறுத்தியிருக்கும், பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். துவாயில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து ஒரு மணி, இரண்டு மணி நேரமாக மெதுவாகச் சூடாக்கிய பிறகே பால்.

சமையலறைத் தராசு

இதை மருத்துவப் பொருளாக யாரும் விற்பதில்லை. ஆனாலும் நமது பட்டியலில் இரண்டாம் இடம் இதற்குத்தான். கேக் செய்பவர்கள் வைத்திருக்கும், ஒரு கிராம் வரை காட்டும், ஐந்து கிலோ தாங்கும் டிஜிட்டல் தராசு. மேலே ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்துப் பூச்சியமாக்கி, குட்டியை உள்ளே விடுங்கள். ஆடினால் மூன்று தடவை எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம், காற்றுக்கே நாலைந்து கிராம் ஆடும். குளியலறைத் தராசு இதற்கு ஆகாது. அது நூறு நூறு கிராமாகத்தான் நகரும், நாம் தேடும் மாற்றமே நூற்றைம்பது கிராம்தான்.

தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன், ஒரே நேரத்தில், ஒரே கூடையில். பால் குடிக்கும் குட்டி நாளொன்றுக்குப் பிறந்த எடையில் ஐந்து முதல் பத்து வீதம் ஏற வேண்டும், ஏழு முதல் பத்து நாளில் இரட்டிப்பாக வேண்டும். ஒருநாள் ஏறாமல் நின்றால் கவனம். இறங்கினால் வைத்தியர். வெளியே தெரியும் எந்த அறிகுறிக்கும் முன்பே தராசு இதைச் சொல்லிவிடும்.

பெரிய குட்டி சுகமில்லாமல் படுத்தால் தராசு நீரிழப்பை அளக்கும் கருவியாகிறது. ஒரு நாளுக்குள் இறங்கும் எடை ஏறத்தாழ முழுவதும் தண்ணீர்தான். நேற்று 1.8 கிலோ இருந்த குட்டி இன்று 1.65 என்றால் 150 கிராம், அதாவது எட்டு வீதத்துக்கு மேல் போய்விட்டது. ஐந்து வீதத்தை அனுபவப்பட்ட கையும் மட்டுமட்டாகத்தான் கண்டுபிடிக்கும். எட்டு, பத்தில் கண் குழிவிழும். பன்னிரண்டை நெருங்கினால் உயிர் ஊசலாடும். பிடரித் தோலைக் கிள்ளிப் பார்ப்பதைப் பலரும் சொல்லித் தருவார்கள். குட்டியின் தோல் நம்ப முடியாதது. கொழுத்த குட்டியில் நீர் வற்றினாலும் தோல் உடனே திரும்பும், மெலிந்த குட்டியில் நீர் இருந்தாலும் மெதுவாகத் திரும்பும். தராசுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. இன்னொரு நன்மை, வைத்தியரிடம் போனில் பேசும்போது எடையைக் கிராமில் சொல்ல முடியும். எந்த மருந்தின் அளவும் எடையிலிருந்துதான் தொடங்குகிறது.

லாப்ரடோர், ரொட்வைலர் குட்டிகள் சில வாரங்களிலேயே ஐந்து கிலோவைத் தாண்டும். அப்போது பயணப் பெட்டி தூக்கி நிறுக்கும் தொங்கு தராசில் கூடையை மாட்டுங்கள்.

காசு கொடுக்காமல் கிடைப்பவை: முரசும் மணிக்கூடும்

போனில் உள்ள டோர்ச்சும் வினாடி முள்ளும் போதும். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெள்ளையாக இருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது அல்லது ஓட்டம் சுருங்கியிருக்கிறது. செங்கல் நிறம் வெப்பத் தாக்கத்திலும் கிருமி இரத்தத்தில் பரவும்போதும் வரும். நீலமோ சாம்பலோ என்றால் ஒட்சிசன் போதவில்லை, ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். மஞ்சள் என்றால் ஈரல் அல்லது இரத்தச் சிதைவு. தொட்டுப் பார்க்கையில் முரசு ஒட்டினால் நீர் வற்றுகிறது. நம் ஊர் நாட்டுக் குட்டிகள் பலவற்றுக்கு முரசே கறுப்பாக இருக்கும். அவற்றில் கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள்.

முரசு வெளுத்த குட்டியில் கொழும்பில் முதலில் நினைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று உண்ணி கடத்தும் பபேசியா என்ற இரத்த ஒட்டுண்ணி. இலங்கை நாய்களில் அது பரவலாக இருக்கிறது. காய்ச்சல், சோர்வு, கோப்பி நிறச் சிறுநீர் என்று வரும். மற்றது குடலில் இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. கறுத்த, தார் போன்ற மலம் அதன் அடையாளம். (கொக்கிப்புழு இனம் ஒன்றுக்கு இலங்கையின் பழைய ஆங்கிலப் பெயரையே வைத்து "சிலானிக்கம்" என்று 1911இல் பெயரிட்டார்கள். இங்குள்ள புனுகுப் பூனை ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட புழு அது. மனிதரையும் பிடிக்கும்.) இரண்டுமே பார்மசியில் தீராது. சின்னக் குட்டிக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம்.

மூச்சை எண்ணுவது தூங்கும்போது. பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். முப்பதுக்குள் இருந்தால் நல்லது. குளிர்ந்த அறையில் ஓய்வாகப் படுத்தும் நாற்பதைத் தாண்டினால் போன் செய்யுங்கள். கழுத்தை நீட்டி, வயிறு பம்ப் அடிப்பதுபோல இழுத்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், கூடையை எடுங்கள்.

பார்வோ வீட்டுச் சோதனைக் கிட்

பார்வோ என்பது குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அதற்கான இந்தக் கிட்டை இணையத்தில் இப்போது பலர் தேடுகிறார்கள். கொவிட் கிட்டின் அதே வடிவம். மலவாயிலில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து, கூட வரும் திரவத்தில் கரைத்து, அட்டையின் குழியில் சில துளிகள் விட வேண்டும். கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று, சோதனைக் கோடு ஒன்று. தாளில் சொல்லப்பட்ட நிமிடத்தில் வாசிக்க வேண்டும், அரை மணி கழித்துத் தோன்றும் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை.

கருவி மோசமானதல்ல. இரண்டு கோடும் தெளிவாக வந்தால் பெரும்பாலும் பார்வோதான். பிரச்சினை மற்றப் பக்கத்தில். குட்டி மலத்தில் வைரஸை விடும் காலம் குறுகியது, விடும் அளவும் ஏறி இறங்கும். நோயின் முதல் நாளில் மிகக் குறைவாக இருக்கலாம். சில நாள் கழிந்தால் குட்டியின் உடலே உண்டாக்கிய எதிர்ப்பொருள் வைரஸைப் பற்றிக்கொண்டுவிடும், கிட்டின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பார்வோ இருந்தும் ஒரு கோடு மட்டும் வருவது அரிதல்ல. மாறாக, தடுப்பூசி போட்டு ஐந்தாறு நாளான சுகமான குட்டியில் ஊசி வைரஸாலேயே மங்கலான கோடு வரலாம். பஞ்சில் மலம் அதிகமாக ஒட்டினால் திரவம் அட்டையில் நகராமல் அடைத்துவிடும், கட்டுப்பாட்டுக் கோடே வராது.

கொழும்புக்கே உரிய ஒரு குறையும் உண்டு. இந்தக் கிட்களைப் பொதுவாக 30 பாகைக்குள் வைத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். மத்தியான வெயிலில் டெலிவரிப் பையன் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பொதி 30ஐ எப்போதோ தாண்டியிருக்கும். கெட்ட கிட் பெரும்பாலும் பொய்யாக "இல்லை" என்றுதான் சொல்லும்.

இப்போது நமது கேள்விக்கு வருவோம். இரண்டு கோடு வந்தால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு கோடு வந்தால்? சத்தியும் சோர்வும் உள்ள குட்டியை அப்போதும் உடனே கொண்டுபோக வேண்டும். எப்படி வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே என்றால் கிட் எதற்கு? ஒரு கோட்டைப் பார்த்து நிம்மதியாகி ஓர் இரவைக் கழிக்கும் ஆபத்துத்தான் மிச்சம். பல குட்டிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும் தெருக்குட்டிகளை எடுத்துப் பராமரிப்பவர்களுக்கும் இது பயன்படும். எந்தக் குட்டியை உடனே தனியறைக்கு மாற்றுவது என்று முடிவெடுக்கலாம். ஒரு குட்டி வளர்க்கும் வீட்டுக்கு அந்தக் காசு மூன்றாவது தடுப்பூசிக்குப் போகட்டும்.

கிட்டைவிட நம்பக்கூடியது நோயின் வரிசை. பார்வோ பெரும்பாலும் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குட்டிகளைப் பிடிக்கிறது. தொற்றி மூன்று முதல் ஏழு நாளில் தொடங்கும். முதலில் விளையாட்டு நிற்கும், பிறகு சாப்பாடு. அடுத்து மஞ்சள் நுரையாகச் சத்தி. அதன் பின்னர், சிலவேளை ஒரு நாள் கழித்துத்தான், நாற்றமெடுக்கும் கழிச்சலும் இரத்தமும். இரத்தத்தைக் கண்டால்தான் பார்வோ என்று காத்திருப்பவர்கள் மிகப் பெறுமதியான ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். பதினாறு வாரத்தில் முடிய வேண்டிய தடுப்பூசித் தொடர் முடியாத குட்டி, இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தொடாமல் இரண்டு தடவை சத்தி எடுத்திருந்தால், அப்போதே புறப்படுங்கள். ஓர் ஊசி போட்டாயிற்றே என்பது பாதுகாப்பல்ல. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் முதல் ஊசிகளைப் பயனற்றதாக்கிவிடலாம், தொடர் முழுவதும் போடச் சொல்வதே அதனால்தான்.

ஜீவனி

கழிச்சலுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள் இது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும், விலை சிறிது, பெட்டியில் கட்டாயம் வையுங்கள். ஆனால் எதற்கு என்று தெரிந்து வையுங்கள். துள்ளிக்கொண்டிருக்கும் குட்டிக்குத் தண்ணீராகக் கழிச்சல், சத்தி இல்லை, முரசு நன்றாக இருக்கிறது என்றால் ஜீவனி உதவும். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுமையாகக் கரையுங்கள். கால் பைக்கற்றைக் கண்மட்டத்தில் போடுவது வேண்டாம், உப்பும் சர்க்கரையும் தூளில் சமமாகக் கலந்திருக்காது. இரண்டு கிலோக் குட்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி, தானாக நக்கிக் குடிக்கும்படி. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். பால், சீனி எதையும் சேர்க்க வேண்டாம்.

குடித்ததைச் சத்தி எடுத்தால் ஜீவனியின் வேலை முடிந்தது. இனி நீர் நரம்பு வழியாகத்தான் ஏற வேண்டும். தலை தூக்க முடியாத குட்டியின் வாயில் சிரிஞ்சால் அடிப்பது மிக ஆபத்தானது, நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரும். செவ்விளநீர் நல்லதுதானே என்பார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கழிச்சலில் இழப்பதை அது ஈடுசெய்யாது.

குளுக்கோஸ்

சிவாவா, பொமரேனியன் போன்ற சின்ன இனக் குட்டிகள் உள்ள வீட்டில் ஜீவனியைவிட இது முக்கியம். ஒருவேளை சாப்பிடாமல் விட்டாலே சர்க்கரை விழுந்து, குட்டி குடித்தவர்போலத் தள்ளாடும், கண் வெறிக்கும், வலிப்பு வரும். ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் தூளை ஒரு தேக்கரண்டி தண்ணீரில் குழைத்து, விரலால் முரசில் பூசுங்கள். தேனும் ஆகும், கித்துள் பாணி கையில் இருந்தால் அதுவும் ஆகும். வலிப்பு நடக்கும்போது பற்களுக்கிடையில் விரலை விட வேண்டாம், உதட்டின் உட்புறத்தில் தடவினால் போதும். வாய்க்குள் ஊற்றவே கூடாது. பூசியதும் ஐந்து பத்து நிமிடத்தில் எழுந்து நின்றாலும் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். சர்க்கரை ஏன் விழுந்தது என்பது இன்னும் தெரியாது, ஒரு மணி நேரத்தில் மறுபடி விழும். நீரிழிவுக்காக வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். மனிதருக்கான கருவி நாயில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வைத்து, எண்ணை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பெட்டியில் இருக்கக் கூடாதவை

பனடோல். ஒரு குளிசை 500 மில்லிகிராம். இரண்டு கிலோக் குட்டிக்கு அது கிலோவுக்கு 250 மில்லிகிராம். நாயின் ஈரல் கெடத் தொடங்கும் அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 100தான். டைக்ளோபினாக், இபுப்ரோபன் இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்கி, நீர் வற்றிய குட்டியின் சிறுநீரகத்தை முடக்கும். கழிச்சலை நிறுத்தும் மனித மாத்திரை நச்சைக் குடலுக்குள் அடைத்துவைக்கும். சத்தியை நிறுத்த மனித மாத்திரை கொடுப்பதும் ஆபத்து. ரம்புட்டான் கொட்டையோ மாங்கொட்டையோ சோளப்பொத்தியோ குடலில் அடைத்திருந்தால், மருந்து குடலை அதன்மேல் நெருக்கும். பூச்சி மருந்து நல்ல பொருள், இரண்டு வார வயதிலிருந்து ஒழுங்காகக் கொடுக்க வேண்டியது. ஆனால் சத்தி எடுத்துச் சோர்ந்த குட்டிக்கு "பூச்சியாக இருக்கும்" என்று கொடுத்துப் பார்க்கும் மருந்து அல்ல.

நஞ்சு தின்ற குட்டியை வாந்தி எடுக்கவைக்க உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள், உப்பே நஞ்சாகும். எலிப்பாஷாணமோ சொக்லேற்றோ உலர்ந்த திராட்சையோ, என்ன தின்றதோ அதன் பைக்கற்றோடு ஓடுங்கள். தேரையைக் கவ்வி நுரை தள்ளும் குட்டிக்கு மட்டும் வீட்டில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஈரத் துணியால் முரசையும் நாக்கையும் ஐந்து பத்து நிமிடம் திரும்பத் திரும்பத் துடையுங்கள். தண்ணீர் உள்ளே போகாமல் வெளியே வழிய வேண்டும்.

கிளினிக்கையும் பெட்டியோடு சேர்த்துத் தெரிவு செய்யுங்கள்

கொழும்பில் மிருக வைத்திய இடங்கள் மூன்று விதம். மாலையில் சில மணி நேரம் மட்டும் ஒரு வைத்தியர் பார்க்கும் சின்னக் கிளினிக். பகல் முழுவதும் திறந்து ஆய்வுகூடமும் வைத்திருப்பது. இருபத்துநான்கு மணி நேரமும் என்று பலகை போட்டது. தடுப்பூசிக்கு முதலாவது நன்று. இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது வேண்டும், ஆனால் பலகையை நம்பாமல் முன்கூட்டியே, குட்டி சுகமாக இருக்கும் ஒரு நாளில், போன் செய்து கேளுங்கள். இரவில் வைத்தியர் கட்டடத்துக்குள் இருப்பாரா, அழைத்தால் வருவாரா? பார்வோக் குட்டிக்குத் தனி அறை இருக்கிறதா? இரத்தக் கலங்களை அங்கேயே எண்ணும் இயந்திரம் உண்டா? சேலைன் ஏற்றும் குட்டியை இரவில் யார் பார்ப்பார்? ஒட்சிசன் இருக்கிறதா? முற்பணம் காசாகவா, கார்டிலா? சின்ன விஷயமாகத் தோன்றும் இந்தக் கடைசிக் கேள்விதான் நள்ளிரவில் பலரை ஏரிஎம் தேடி அலையவைக்கிறது.

நல்ல இடத்தை உள்ளே போனதும் அறியலாம். சத்தி, கழிச்சல் என்று சொன்னதும் வாகனத்திலேயே இருக்கச் சொல்வார்கள், மற்ற நாய்கள் உட்காரும் இடத்துக்கு விடமாட்டார்கள். முதலில் எடையும் வெப்பமும் பார்ப்பார்கள். சோர்ந்த குட்டியில் சர்க்கரையும் பார்ப்பார்கள். செலவைக் கேட்டால் எழுதித் தருவார்கள். எடை பார்க்காமல், நீர் வற்றியதா என்று பார்க்காமல், சத்தி நிற்க ஓர் ஊசி போட்டு "நாளைக்கு வாங்க" என்று அனுப்பும் இடமாக இருந்தால், அன்றைக்கே இன்னொரு வைத்தியரிடம் காட்டுவது தவறாகாது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில் இருக்கிறது. சிக்கலான நோய்க்கு அனுப்பும் இடம் அது, கொழும்பிலிருந்து அவசரத்துக்கு ஓடும் இடமல்ல.

ஒரே ஒரு நிலையில் குட்டியைவிட உங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விசர்நாய் ஊசி போடாத குட்டி திடீரெனக் குணம் மாறி, வாய்நீர் வடிந்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கைவிடாதீர்கள். கடித்திருந்தாலோ எச்சில் காயத்தில் பட்டிருந்தாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, பெரியவர்கள் தேசிய வைத்தியசாலைக்கும் பிள்ளைகள் பொரளை லேடி றிட்ஜ்வே வைத்தியசாலைக்கும் போக வேண்டும். குட்டி இறந்தால் புதைத்துவிட வேண்டாம். பரிசோதிக்கும் இடம் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்.

புறப்படும்போது

மேல் திறந்த பிளாஸ்டிக் கூடை, அடியில் பொலித்தீன், மேலே துவாய். ஓட்டோ பிடித்தால் நோயுற்ற நாய் என்று ஏறுமுன் சொல்லிவிடுங்கள், பாதி வழியில் வாக்குவாதம் வராது. பாடசாலை விடும் ஒன்றரை மணியை ஒட்டிய நேரத்தில் காலி வீதியும் டூப்ளிகேஷன் வீதியும் நகராது. அப்போது அருகிலுள்ள பகல் கிளினிக்கில் சேலைனைத் தொடங்கிவிட்டுப் பெரிய இடத்துக்கு மாற்றுவது, தெஹிவளையிலிருந்து நேராகப் போக முயல்வதைவிட விரைவு. தடுப்பூசிப் புத்தகம், சத்தியின் படம், சிப் பையில் கொஞ்சம் மலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழியிலேயே போன் செய்யுங்கள். "பத்து வாரக் குட்டி, 1.65 கிலோ, நேற்று 1.8. வெப்பம் 37.4. முரசு வெளிறி ஒட்டுகிறது. காலையிலிருந்து நான்கு தடவை சத்தி, இரத்தம் இல்லை. ஊசி ஒன்றுதான் போட்டது. இருபது நிமிடத்தில் வருகிறோம், எந்த வாசலால் வரட்டும்?"